செல்வத்தின் காரில் ஜோகூர் வரை

ஜோகூருக்குப் போயிருக்கிறேன் என்று சொன்னால் கும்பகோணத்து நண்பர்கள் உடனே அரண்மனையைப் பற்றிக் கேட்கிறார்கள். அரண்மனையை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அது என்னைக் கடந்து இரண்டு முறை போயிற்று. இரண்டாவது முறை நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கும் ஒரு சென்னைக் கம்பெனியின் ஏஜெண்டாக நான் மலாயாவுக்குப் போனேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவேன், ஊறுகாய் ஜாடியைக் காலி செய்யாதீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினேன். மலாக்காவில் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது. சென்னை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துபோகும் அளவுக்கு அங்கேயே கிடந்தேன்.

எனக்குத் தங்க இடம் கொடுத்தது மலாக்காவிலேயே காஜா பேராங் என்ற பகுதியில் ஒரு செட்டிக் குடும்பம். காரைக்குடிச் செட்டியாரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்களுடைய முன்னோர் என்றைக்கோ வியாபாரத்துக்கு வந்து, இந்த மண்ணிலேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர்கள். பெயர் தமிழ்ப் பெயர், சாமி நம்முடைய சாமி, பேச்சு மட்டும் மலாய். மாரியம்மனிடம் மலாயில் வேண்டிக்கொள்வார்கள். அம்மனுக்குப் புரிந்தது, எனக்குத்தான் புரிய நாளாயிற்று. அவர்கள் பேசியதை இங்கே தமிழில் எழுதுவது நான்தான்.

வீட்டுத் தலைவி தங்கம்மாள். பிள்ளைகள் அம்மாவை ‘மாக்’ என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை ‘மெட்ராஸ்’ என்றுதான் கூப்பிடுவார். மூத்த மகன் மணி லாரி ஓட்டுகிறவர், வாயைத் திறந்தால் தீர்ந்துவிடும் என்பதுபோலப் பேச்சைச் சேமித்து வைப்பவர். இளையவன் செல்வம். நான் எழுதப்போகும் இந்தப் பயணம் அவனுடைய பயணம். அதில் அவன் ஒருவன்தான் வரவில்லை.

சண்டைக்கு முன்னால் ஜோகூர் பாருவில் கார்ப் பந்தயம் நடக்கும். கடலோரச் சாலையில் தொடங்கி, மேடேறி, அரண்மனை மதிலை ஒட்டி வளைந்து, மறுபடி கடலுக்கு இறங்கும் சாலை. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து வேலி கட்டினமாதிரி நிற்பார்களாம். செல்வம் அங்கே ஒரு தோட்டத் துரையின் பந்தயக் காருக்கு மெக்கானிக்காக இருந்தவன். ஒத்திகை ஓட்டத்தில் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறான். துரை தள்ளிவிட்ட உடைந்த சின்னக் கார் ஒன்றை வீட்டுக்கு இழுத்து வந்து, ஆணி ஆணியாகச் சேர்த்து உயிர் கொடுத்தான். அவனுடைய திட்டம் ஒன்றே ஒன்று. தன் காரை, தன் கையால், அந்தச் சாலையில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும்.

மாலையானால் முற்றத்தில் கல்லை அடுக்கிப் பந்தயச் சாலையை வரைவான். மணியையும் என்னையும் உட்காரவைத்து ஒவ்வொரு வளைவாகப் பாடம் நடத்துவான். வளைவுகளுக்கு வீட்டுப் பெயர்கள் வைத்திருந்தான்: கிணறு, கோயில் மூலை, மாக். எந்த ஊரில் என்ன சாப்பிடுவது என்பது வரை திட்டம் போட்டாயிற்று. புறப்படுவதற்குள் சண்டை வந்துவிட்டது. சக்கரங்களைக் கழற்றிக் கோழிக் கூண்டுக்கு அடியில் புதைத்தார்கள். காரைச் செங்கல்மேல் நிறுத்தி, கீற்றுப் போட்டு மூடி, சுற்றிலும் விறகு அடுக்கிவிட்டார்கள்.

பிறகு, ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வந்தது. மலாக்காவுக்கு வரும் ரயில் பாதையைப் பெயர்த்துத் தண்டவாளத்தைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்துக்குப் பின்னால் ஆட்களைக் கொண்டுபோனார்கள். இலவசப் படக்காட்சி என்று சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இருந்தவர்களையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். செல்வம் அந்தக் கொட்டகையில் இருந்தான்.

அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை.

அந்த ஜப்பான் கேப்டன் வந்தது வீடு வீடாகச் சோதனை நடந்த ஒரு நாளில். விறகைத் தள்ளினார்கள், கீற்றை விலக்கினார்கள், கார் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மறைத்துவைத்த குற்றத்துக்கு என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். கேப்டன் காரைச் சுற்றி வந்தார், மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தார், உள்ளே ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, திருவிழாக் குதிரையில் ஏறின குழந்தை மாதிரி உட்கார்ந்துவிட்டார். பிறகு கூடத்துச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். ஜோகூர்ப் பந்தயக் காரின் மீது கை வைத்துச் செல்வம் சிரிக்கும் படம்.

மோட்டார் பத்திரிகைகளைப் படித்தே இங்கிலீஷ் கற்றவர் அவர். கார்புரேட்டர், கியர் என்றால் சரளமாக வரும்; மற்றதெல்லாம் திக்கித் திணறும். “இவன் எங்கே?” என்று கேட்டார்.

“சயாமில். உங்கள் ஆட்கள் கொண்டுபோனார்கள்” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இந்தச் சாலையின் படத்தை நான் டோக்கியோவில் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்ட வேண்டும். காரைத் தயார் செய்யுங்கள். இவனை நான் வரவழைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வளைவு சொல்ல வேண்டும்” என்றார்.

மணிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மணி தரையில் உட்கார்ந்துவிட்டார். மாக் அன்றிலிருந்து அரிசி சேர்க்க ஆரம்பித்தார். ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த காலம் அது.

காரைத் தயார் செய்வது லேசான வேலையா? பெட்ரோல் ராணுவத்துக்கு மட்டும். காரின் பின்னால் ஒரு தகர டிரம்மைக் கட்டி, அதில் கரி எரித்து, அந்தப் புகை வாயுவில் எஞ்சினை ஓட்டினோம். டயர்களில் கிழிசல் போக மிச்சம்தான் ரப்பர். ஒன்றில் காற்றுக்குப் பதிலாகத் தேங்காய் நாரைத் திணித்தோம். கேப்டன் அடிக்கடி வந்து பார்ப்பார். சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார்; ஸ்பானரை மண்ணில் வைத்துவிட்டோம் என்று பளாரென்று அறைவார்; மறுபடி சிரிப்பார். அந்தச் சிரிப்பு எந்த நிமிஷம் தீரும் என்று தெரியாமல், ஸ்பானரைக் கீழே வைக்காமலே வேலை செய்தோம். செல்வத்தைப் பற்றிக் கேட்டால், “கேட்டிருக்கிறேன், பதில் வரும்” என்பார்.

இப்படி இருக்கும்போது போகி வந்தது.

நம் ஊரில் போகியென்றால் பழையதை எரிப்போம். செட்டிகள் போகியன்று பழையவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். ‘பார்ச்சு’ என்று பெயர். கூடத்தில் பாய் விரித்து, இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஒரு வாழையிலை. தேங்காய்ப்பால் சோறு, சம்பல், மீன், பலகாரம், அவரவருக்குப் பிடித்தது. மணியின் அப்பாவுக்கு ஒரு சுருட்டும் உண்டு. ஊதுவத்தி ஏற்றிக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் உள்ளே வருவதற்காக முன்வாசலைத் திறந்து வைப்பார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் சமையலறையில் இருப்பார்கள். சற்று நேரம் கழித்து வீட்டுப் பெரியவள் அந்தக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பாள். “சாப்பிடறவங்க இருக்கிற இடத்துல திடீர்னு நுழையறது மரியாதையா?” என்றார் மாக் என்னிடம்.

மாக் தட்டினார், திறந்தார். உள்ளே போனதும் மணி அப்படியே நின்றுவிட்டார். இலை வரிசையின் கடைசியில், சுவரில் சாய்த்து, செல்வத்தின் படம். அதன் முன்னால் இலை இல்லை. செல்வம் எப்போதும் சாப்பிடும், எனாமல் பூசி நீலக்கரை போட்ட மங்குத் தட்டு. தட்டின்மேல் இன்னொரு மங்குத் தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தது.

மணி சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். “மாக்! உயிரோட இருக்கிறவனுக்கு யாராவது படைப்பாங்களா?”

“நான் படைக்கல. வெச்சிருக்கேன்” என்றார் மாக். “அங்க என்ன தர்றாங்களோ. பசியோட இருப்பான்.”

“செத்தவங்களோட வரிசையில வெச்சிருக்கியே!”

“அவங்களுக்கு இலை. அவனுக்குத் தட்டு. அவங்க கூப்பிட்ட நேரத்துக்கு வந்துடுவாங்க. இவன் என்னைக்கு நேரத்துக்கு வந்தான்? ஆறிடக் கூடாதுன்னு மூடி வெச்சேன்.”

மணி மேலே பேசுவதற்குள் திறந்திருந்த முன்வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கேப்டன்.

கூடத்தைப் பார்த்ததும் நின்றார். ஊதுவத்தி, இலைகள், படம். பூட்ஸைக் கழற்றினார், தொப்பியை எடுத்தார், செல்வத்தின் படத்துக்கு முன்னால் இடுப்பு வளைய வணங்கினார்.

“செய்தி எப்போது வந்தது?” என்று கேட்டார்.

“செய்தி ஒன்றும் வரவில்லை. அவன் இறக்கவில்லை, சார்” என்றேன்.

“எங்கள் ஊரிலும் படத்தின் முன் உணவு வைப்போம். யாருக்கு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.”

“இல்லை சார், அவன் அம்மா…”

அறை விழுந்தது. என் மூக்குக் கண்ணாடி பலகாரத்தின்மேல் போய் விழுந்தது. “இறந்தவர்களுக்கு முன்னால் பொய் சொல்லாதே” என்றார். கோபத்தைவிட அருவருப்பு அதிகம் இருந்த குரல். “இறந்தவனை நான் தேட மாட்டேன். பொங்கல் கழிந்ததும் புறப்படுகிறோம். வளைவு சொல்ல நீ வா.”

ஒரு தட்டுச் சோற்றில் செல்வத்தின் கதை முடிந்தது. கேப்டன் இனித் தேடப்போவதில்லை என்பதை மணியும் நானும் மாக்கிடம் சொல்லவில்லை. “தொப்பியைக் கழட்டிக் கும்பிட்டானே, நல்ல பிள்ளைதான். உன்னைத்தான் ஏன் அடிச்சான்?” என்றார் மாக்.

புறப்படும் நாளன்று விடிவதற்கு முன்பே மாக் அடுப்பு மூட்டியிருந்தார். எங்களுக்கு மூன்று பொட்டலங்கள், வாழையிலையில். நான்காவதாக ஒரு மங்குச் சட்டி, மேலே மூடி, துணியால் முடிச்சு. “ஜோகூருக்குத்தானே அவனை வரவழைக்கிறாங்க. வந்ததும் சாப்பிடக் குடு” என்றார். மணி அதை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மணி ஓட்ட, கேப்டன் பக்கத்தில். பின்னால் கரி மூட்டைகளுக்கு நடுவில் நான். போகிற வழியெல்லாம் மணி மலாயில் வளைவுகளை ஒப்பிக்க, நான் இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன். காவல் சாவடிகளில் வழக்கமாக நாங்கள் இறங்கிக் குனிய வேண்டும்; சரியாகக் குனியாவிட்டால் கன்னம் பழுக்கும். அன்று கேப்டன் இருந்ததால் சிப்பாய்கள் எங்கள் காருக்குச் சல்யூட் அடித்தார்கள். கரிப் புகையில் முகம் கறுத்து, கழுதைமேல் ஏறின ராஜா மாதிரி நானும் தலையை அசைத்தேன்.

மூவாரில் ஆற்றைக் கடக்கப் படகுத் துறையில் காத்திருந்தோம். காவிரியில் பரிசலுக்குக் காத்திருப்பது போலத்தான். ஆனால் காவிரிக்கரையில் காப்பி உண்டு. இங்கே ஒரு கொட்டகையில் வறுத்த மக்காச்சோளத்தைக் காய்ச்சிக் காப்பி என்றார்கள். சர்க்கரை கிடையாது. கும்பகோணத்தான் குடிக்கிற பொருள் இல்லை அது. இரண்டு கோப்பை குடித்தேன்.

கொட்டகைக்காரர் தமிழர், தோட்டத்திலிருந்து வந்தவர். என் நெற்றிக் குறியைப் பார்த்ததும் கிட்டே வந்தார். “எங்கண்ணே, ஜப்பான்காரன்கூட?”

சும்மா ஜோகூர் வரைக்கும் என்றேன். எங்கள் ஆள் ஒருவன் சயாமில் இருக்கிறான் என்றும் சொன்னேன். கேப்டனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

“சயாமா?” என்றார் அவர். கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “எங்க எஸ்டேட்டுல லயத்து வீட்டு ஆளுங்கள லயம் லயமா ஏத்திட்டுப் போனானுங்கண்ணே. கித்தா மரத்துல ரப்பர்ப் பால் வெட்ட இப்ப ஆளே இல்லை. திரும்பி வந்தவன் ஒருத்தன்தான். அவனும் காலைக் காட்டுறான், எலும்பு தெரியுது. சோறு கேக்குறான், போட்டா முழுங்கத் தெரியல. மத்தவங்களப் பத்திக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறான்லா.”

மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ‘சயாம்’ என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான். “என்ன சொல்றார்?” என்று கேட்டார்.

“வழியில பாலம் உடைஞ்சிருக்காம்” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் படகைப் பார்க்கப் போனார்.

பாலமும் உண்மையிலேயே உடைந்துதான் இருந்தது. பலகை போட்டுக் கடந்தோம். அடுத்த மேட்டில் கார் ஏற மறுத்தது. கரி வாயு சமதரையில் ஓட்டும். மேட்டைக் கண்டால் மாமியார் வீட்டு மாடு போலப் படுத்துக்கொள்ளும். நானும் மணியும் தள்ள, கேப்டன் ஓட்டினார். பத்து பகாட் என்ற ஊரைத் தாண்டியதும் நார் திணித்த டயர் கிழிந்து நார் வெளியே தொங்கிற்று. மழை கொட்டியது. கேப்டன் குடையின் கீழ் நின்று வாள் பிடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சாலையோரத்து லாலான் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி டயரில் திணித்தோம். மணியின் விரல்களெல்லாம் புல் அறுத்து இரத்தம். ஊர் போய்ச் சேராவிட்டால் அந்தச் சாலையோரத்திலேயே எங்களைப் புதைத்துவிடுவார் என்று நிச்சயமாக நினைத்தேன்.

எப்படியோ இருட்டும் வேளைக்கு ஜோகூர் பாரு போய்ச் சேர்ந்தோம். பொட்டலங்கள் தீர்ந்திருந்தன. மங்குச் சட்டி மட்டும் முடிச்சு அவிழாமல் இருந்தது.

“கெட்டுப்போகும், சாப்பிட்டுவிடலாமே” என்றேன். எனக்குப் பசி.

“மாக் கேட்பாள்” என்றார் மணி. அவ்வளவுதான். நான் சட்டியை எடுத்துக் கரி டிரம்மின்மேல் வைத்துச் சூடு காட்டினேன். காலையில் இன்னொரு தடவை காட்டினேன். கிழங்கும் ஒரு பிடி அரிசியும் கருவாட்டுச் சம்பலும். சம்பலின் காரம் அதைக் காப்பாற்றியது.

காலையில் சிப்பாய்கள் குறுக்குச் சாலைகளையெல்லாம் அடைத்தார்கள். கேப்டன் எங்கிருந்தோ ஒரு டின் பெட்ரோல் கொண்டுவந்தார். அந்த வாசனையை முகர்ந்து எவ்வளவு காலமாயிற்று! மணி கரி டிரம்மைக் கழற்றிக் கடற்சுவரின் ஓரம் வைத்து, மங்குச் சட்டியை அதன்மேல் வைத்தார். பாரம் போனதும், பெட்ரோல் உள்ளே போனதும், செல்வத்தின் கார் சிலிர்த்துக்கொண்டது. மணி அதன் கதவை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

கேப்டன் ஸ்டீயரிங்கில். பக்கத்தில் நான். செல்வம் உட்கார வேண்டிய இடம்.

முதல் சுற்றை நிதானமாகத்தான் ஓட்டினார். ஒரு பக்கம் கடல், எதிரே சிங்கப்பூர். “கிணறு!” என்றேன், சாலை குழியாக இறங்கி ஏறியது. “கோயில் மூலை!” மதிலை ஒட்டிச் செங்குத்தாகத் திரும்பியது. முற்றத்தில் செல்வம் கல் அடுக்கிக் காட்டியது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு கல்கூட இடம் மாறவில்லை. இந்தச் சாலையை இவ்வளவு நேசித்தவன் இப்போது எந்தக் காட்டில் மண் சுமக்கிறானோ.

இரண்டாவது சுற்றில் கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கார் அலறியது. அரண்மனை வந்தது, போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். திறந்தபோது கடலுக்கு இறங்கும் கடைசி வளைவு வந்துவிட்டது. பார்த்தால் பரந்து விரிந்து, வா வா என்று அழைக்கும் வளைவு. பாதியில் சட்டென்று உள்ளே மடியும்.

“மாக்!” என்று கத்தினேன். பதற்றத்தில் இங்கிலீஷ் மறந்துவிட்டது. “அம்மா! அம்மா! இது அம்மா!”

‘மதர்’ என்று இங்கிலீஷில் வந்தபோது தாமதமாகிவிட்டது. பிரேக் கிறீச்சிட்டது. கார் பம்பரம் போல ஒரு சுற்று சுற்றி, புல்லில் ஏறி, கடற்சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. எஞ்சின் அணைந்தது. கடல் சத்தம் மட்டும்.

கேப்டனின் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. அந்தக் கை எப்போது என் கழுத்துக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் அம்மா?” என்று கேட்டார்.

“அந்தப் பையன் வைத்த பெயர், சார். முதலில் சிரிக்குமாம், பாதியில் கடிக்குமாம்.”

அவர் சிரித்தார். அடக்க முடியாமல், ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு இறங்கிக் கடற்சுவரில் உட்கார்ந்தார். “நல்ல ஓட்டுநர். இறந்துபோனானே” என்றார்.

மணி தூரத்திலிருந்து ஓடிவந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். கேப்டன் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். மணி கரி டிரம் இருந்த இடத்துக்குப் போனார். அதன்மேல் இருந்த மங்குச் சட்டியை எடுத்து வந்து, கேப்டனுக்குப் பக்கத்தில் சுவரின்மேல் வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இன்னொரு அறை விழுந்தால் மாற்ற என்னிடம் வேறு கண்ணாடி இல்லை.

“என்ன இது?”

“தம்பிக்குச் சாப்பாடு. மாக் குடுத்தா” என்றார் மணி. நான் மொழிபெயர்த்தேன்.

“இறந்தவனுக்கா?”

மணி முதல் தடவையாக ஒரு ஜப்பான்காரரின் கண்ணைப் பார்த்துப் பேசினார். “செத்தவங்களுக்கு மாக் இலையில போடுவா, மூட மாட்டா. அவங்க நேரத்துக்கு வந்துடுவாங்க. என் தம்பி எப்பவும் லேட்டு. ஆறிடும்னு மூடிக் குடுத்திருக்கா. அன்னைக்கும் மூடித்தான் வெச்சிருந்தா.”

நான் மொழிபெயர்த்து முடித்ததும் கேப்டன் முடிச்சை அவிழ்த்தார். மூடியைத் தூக்கினார். சாப்பாட்டைப் பார்க்கவில்லை, மூடியைத் திருப்பி, வெயிலில் சாய்த்து, அதன் உட்புறத்தைப் பார்த்தார். அங்கே நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு நின்றன. ஒன்று வழிந்து அவர் விரலில் இறங்கியது.

பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார். “என் அம்மா ஊரில் இருக்கிறாள். தினமும் காலையில், வீட்டில் நான் உட்காரும் இடத்தில், ஒரு கிண்ணம் சோறு வைக்கிறாள். தூரத்தில் இருக்கிறவனுக்குப் பசிக்கக் கூடாது என்று. மூடி வைப்பாள். பிறகு மூடியை எடுத்துப் பார்ப்பாள். உள்ளே தண்ணீர் இருந்தால் மகன் உயிரோடு இருக்கிறான்.”

“அன்று நான் படத்தைத்தான் பார்த்தேன்” என்றார். “மூடியைப் பார்க்கவில்லை.”

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. சட்டியை மூடி, துணியை முன்போலவே முடிந்து, இரண்டு கையாலும் மணியிடம் கொடுத்தார். “அவளிடம் சொல். தண்ணீர் இருந்தது.”

காலையில் அதற்குச் சூடு காட்டியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேனா? இல்லை. இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் சொல்ல மாட்டேன்.

கரி டிரம்மை மறுபடி கட்டிக்கொண்டு திரும்பினோம். மலாக்காவில் இறங்கியதும் கேப்டன் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். மாக் வாசலில் நின்று காருக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். மகன் இல்லை. மணி எல்லாவற்றையும் சொன்னார். மாக் சட்டியை வாங்கிக்கொண்டு, “தண்ணி இருந்துச்சா? நீயும் பார்த்தியா, மெட்ராஸ்?” என்று கேட்டார்.

“பார்த்தேன், மாக்.”

அன்று முதல் மாக் தினமும் நீலக்கரைத் தட்டில் எதையாவது வைத்து மூடினார், பெரும்பாலும் கிழங்கு. மூடியைத் திருப்பிப் பார்ப்பார். துளி இருந்த நாட்களில் என்னோடு வாய் ஓயாமல் பேசுவார். விறகு கிடைக்காமல் கிழங்கு ஆறிப்போன நாட்களில் வீட்டில் ஒருவரும் பேச மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் கேப்டனைப் பர்மாவுக்கு மாற்றிவிட்டார்கள். காரை வேறு யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். செல்வத்தை அவர் மறுபடி கேட்டாரா, கேட்கவில்லையா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பர்மாவில் சண்டை மோசம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் மாக் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அவன் அம்மாவுக்கும் தண்ணி தெரியணும்” என்றார்.

பழக் காலம் வந்தது. செட்டிகளுக்குப் பழக் காலத்திலும் ஒரு பார்ச்சு உண்டு. மாம்பழம், ரம்புத்தான், டுரியான் என்று இலைகளை நிரப்பினார்கள். அரிசி இல்லாவிட்டாலும் மரங்கள் காய்ப்பதை ஜப்பான்காரன் நிறுத்தவில்லை. வரிசையின் கடைசியில் மாக் நீலக்கரைத் தட்டை வைத்து மூடினார். மணி ஒன்றும் சொல்லவில்லை. ஊதுவத்தி ஏற்றினோம், முன்வாசலைத் திறந்து வைத்தோம், நடுக்கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தோம்.

நேரமாயிற்று. மாக் எழுந்து கதவைத் தட்டினார்.

உள்ளே மங்குத் தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

மணி என்னைப் பார்த்தார். கை தானாகப் போய்ப் பாராங் கத்தியை எடுத்தது. மாக் கதவில் காதை வைத்தார். ஒரு இருமல். பிறகு, மணலை அரைப்பதுபோல ஒரு குரல்.

“தட்டாதே, மாக். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”

யாரோ ஓர் அதிகாரி வந்து தன் பெயரைக் கூப்பிட்டுக் கையில் ஒரு பயணச் சீட்டைத் திணித்தான் என்றும், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றும், மலாக்காவுக்குப் பாதை பிரியும் தம்பினில் ரயிலை விட்டு இறங்கித் தண்டவாளம் பெயர்த்த பாதை வழியாகவே நடந்து வந்தான் என்றும், திறந்திருந்த வாசலில் நுழைந்து தன் தட்டைக் கண்டதும் யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை என்றும் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எங்களுக்குத் தெரிந்தது அந்தக் குரல் மட்டும்தான்.

மணி கத்தியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் பாய்ந்தார். மாக் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி தளரவில்லை.

“சாப்பிடட்டும்” என்றார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் நின்றுகொண்டு, அவன் மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.